பிகாம் படிக்கும்போது பல்கலைக்கழகம் மாறுவது: தென்னாப்பிரிக்க மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிகாம், பிபிஏ, கணக்கியல் போன்ற வணிகப் படிப்புகளில் இருந்துகொண்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் குவாசூலு-நட்டாலைச் சேர்ந்தவை. அடிப்படை விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றே.

பள்ளிக்கூடத்தில் போல டிரான்ஸ்ஃபர் கார்டு வாங்கிக்கொண்டு போய்விடலாமா?

முடியாது. பேச்சுக்கு டிரான்ஸ்ஃபர் என்று சொன்னாலும், இது இரண்டு தனித்தனி வேலை. ஒன்று, புதிய பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர மனுப் போடுவது. மற்றொன்று, ஏற்கெனவே தேறிய பாடங்களுக்குக் கிரெடிட் கேட்பது. முதலாவதை முடிவு செய்வது சேர்க்கை அலுவலகம். இரண்டாவதை முடிவு செய்வது வணிகப் புலமும், அதற்குள் கணக்கியல், பொருளியல் என்று அந்தந்தத் துறையும்.

பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். "உங்களுக்கு இடம் கிடைத்தது" என்று வரும் கடிதத்தில் கிரெடிட் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. அதை நம்பிப் பழைய இடத்தை விட்டுவிட்டு, பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் முதலாண்டு வகுப்பில் உட்காரச் சொல்வார்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட், இன்னும் எத்தனை பாடம் மீதி என்பது எழுத்தில் கையில் வரும்வரை பழைய பதிவை ரத்து செய்யாதீர்கள்.

எந்த ஆண்டில் மாறுவது நல்லது?

முதலாண்டு முடிந்தவுடன். முதலாண்டுப் பாடங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி: நிதிக் கணக்கியல், நுண்பொருளியல், பேரியல் பொருளியல், வணிக மேலாண்மை, புள்ளியியல், வணிகச் சட்டம், தகவல் முறைமை. இவற்றுக்கு ஜோடி கண்டுபிடிப்பது எளிது.

இரண்டாம் ஆண்டு முடித்து மாறினால் சேதம் கூடும். மேஜர், அதாவது முதன்மைப் பாடங்களை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வேறு வரிசையில் வைத்திருக்கும். இங்கே இரண்டாம் ஆண்டில் நடத்தும் செலவுக் கணக்கியல் அங்கே முதலாண்டுப் பாடத்தோடு கலந்திருக்கலாம். மூன்றாம் ஆண்டின் நடுவில் மாறுவதில் பெரும்பாலும் லாபமே இல்லை. பட்டம் கொடுக்கும் இடம் இறுதியாண்டு மேஜர் பாடங்களைத் தன்னிடமே படிக்கச் சொல்லும். அந்த நிலையில் இருப்பவர் பட்டத்தை முடித்துவிட்டு, ஆனர்ஸ் படிப்பை விரும்பிய இடத்தில் சேர்ந்து படிப்பதே மேல்.

கிரெடிட் கணக்கு எப்படி?

இந்த நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து. மூன்றாண்டு பிகாம் தேசியத் தகுதிச் சட்டகத்தில் 7ஆம் நிலை. அதற்குக் குறைந்தது 360 கிரெடிட் வேண்டும். அதில் 7ஆம் நிலைப் பாடங்கள் குறைந்தது 120. 5ஆம் நிலை, அதாவது அறிமுகப் பாடங்கள், 96க்கு மேல் கணக்கில் வராது. எளிய பாடங்களாகப் பொறுக்கிச் சேர்த்துப் பட்டத்தை நிரப்ப முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

சிக்கல் பாடத்தின் அளவில் வருகிறது. தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகமான யூனிசாவில் ஒரு மாட்யூல், அதாவது ஒரு பாட அலகு, 12 கிரெடிட். 30 மாட்யூல் முடித்தால் பிகாம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் வழக்கமான மாட்யூல் 16 கிரெடிட். ஆண்டுக்கு 8 வீதம் 128, மூன்றாண்டுக்கு 384.

அதன் வெஸ்ட்வில் வளாகத்தில் முதலாண்டு முழுவதும் தேறி 128 கிரெடிட்டோடு ஒரு மாணவி யூனிசாவுக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 360இல் 128 போக 232 மீதி என்று கழித்தால் தவறு. யூனிசா மாட்யூலுக்கு மாட்யூல் பார்க்கும். எட்டுக்கும் ஜோடி கிடைத்தாலும் அங்கே அது 8 பெருக்கல் 12, அதாவது 96 தான். மீதி 22 மாட்யூல். எட்டில் இரண்டுக்கு ஜோடி இல்லையென்றால் 24. ஆண்டுக்கு 10 எழுதினால் இரண்டாண்டில் முடியாது, மூன்றாவது ஆண்டிலும் பதிவு செய்ய வேண்டிவரும். எதிர்த்திசையில் வருபவருக்கு வேறு தொல்லை: 12 கிரெடிட் பாடம் 16 கிரெடிட் பாடத்துக்குப் போதாது, இரண்டு மாட்யூலைக் காட்டினால்தான் ஒன்று தருவோம் என்று துறை சொல்லக்கூடும்.

ஆகவே "எனக்கு எத்தனை கிரெடிட் கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். "எனக்கு இன்னும் எத்தனை மாட்யூல் மீதி?" என்று கேளுங்கள்.

எந்தப் பாடம் எளிதாக ஏற்கப்படும், எது மாட்டிக்கொள்ளும்?

நுண்பொருளியல், பேரியல் பொருளியல் இரண்டுக்கும் பெரும்பாலும் தடையில்லை. உள்ளடக்கம் எங்கும் ஒன்றே. வணிக மேலாண்மையும் அப்படியே.

கணக்கியலில் கவனம் வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் முதலாண்டுக் கணக்கியலை இரண்டு தடத்தில் நடத்துகின்றன: கணக்கியலை மேஜராக எடுப்பவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இலகுவான ஒன்று. இலகுவான தடத்தில் 80 மதிப்பெண் வாங்கியிருந்தாலும் இரண்டாம் ஆண்டு நிதிக் கணக்கியலுக்குள் விடமாட்டார்கள். புள்ளியியலும் அதே கதை. வணிகக் கணிதம் மட்டும் உள்ள பாடத்தைக் கொண்டுபோய் நிகழ்தகவும் ரிக்ரெஷனும் உள்ள பாடத்துக்கு ஈடு கேட்டால் மறுப்பார்கள். சட்டத்தில் பாட வரிசை இடத்துக்கு இடம் மாறும்.

நிலையைத் தெரிந்துகொள்ளப் பாடக் குறியீடே உதவும். எழுத்துகளுக்கு அடுத்து வரும் முதல் இலக்கம் பெரும்பாலும் ஆண்டைக் காட்டும். யூனிசாவின் இசிஎஸ்1501 முதலாண்டு நுண்பொருளியல், இசிஎஸ்1601 முதலாண்டுப் பேரியல் பொருளியல். முதலாண்டுக் குறியீடுள்ள பாடத்தை இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்கு ஈடாக யாரும் எடுக்கமாட்டார்கள், தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும்.

கிரெடிட் வேறு, விலக்கு வேறு என்பதும் நினைவிருக்கட்டும். விலக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டாம், ஆனால் அதன் இடத்தில் வேறு பாடம் எடுத்து நிரப்ப வேண்டியிருக்கலாம்.

பாதிக்கு மேல் கிரெடிட் கொண்டுபோக முடியாதாமே?

முடித்த பட்டமா, முடிக்காத பட்டமா என்பதைப் பொறுத்தது. உயர்கல்வி மன்றத்தின் கொள்கைப்படி, முடித்து வாங்கிவிட்ட ஒரு தகுதியின் கிரெடிட்டில் 50 சதவீதம் வரைதான் இன்னொரு தகுதிக்கு எடுத்துப் போகலாம். புதிய தகுதியிலும் அப்படி வருவது பாதியைத் தாண்டக்கூடாது. முடிக்காத படிப்பின் கிரெடிட்டுக்கு அந்த வரம்பு இல்லை, எல்லாவற்றையும் பரிசீலிக்கலாம். பரிசீலிக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது, பரிசீலித்து ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. நடைமுறையில் பல்கலைக்கழகங்கள் பட்டத்தில் பாதியையும் இறுதியாண்டையும் தங்களிடம் படிக்கச் சொல்கின்றன. அந்தந்தப் புலத்தின் கையேட்டில் இது இருக்கும். நூறு பக்கமாக இருந்தாலும் "கிரெடிட்" என்று தேடி அந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

சில பாடங்களில் ஃபெயில். மாற முடியுமா?

ஓரிரு பாடம் போனதால் கதவு மூடிவிடாது. தேறிய பாடங்களை வைத்தே பார்ப்பார்கள். ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் ஃபெயிலான பாடமும் அச்சாகும். டிபி, அதாவது தேர்வெழுதும் தகுதி, கிடைக்காமல் தேர்வெழுத முடியாமல் போனதும் அச்சாகும். போட்டி மிகுந்த படிப்புகளில் சராசரியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கல்வி நிலை காரணமாக விலக்கப்பட்டவர் நிலைமை கடினம். அந்த முத்திரை டிரான்ஸ்கிரிப்டில் இருந்தால் பெரும்பாலான இடங்களில் உடனே சேர்க்கமாட்டார்கள். ஒரு வழி உண்டு: முதலில் பழைய இடத்திலேயே மேல்முறையீடு செய்யுங்கள். மருத்துவச் சான்று, வீட்டில் இறப்பு போன்றவற்றுக்கு ஆவணத்தோடு கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். கெடு பெரும்பாலும் சில நாள்தான், அதுவும் முடிவுகள் வரும் விடுமுறைக் காலத்தில்.

முன்பு வேறு இடத்தில் படித்ததை மறைத்துப் புது மாணவனாக மனுப் போடலாமே என்ற யோசனை சில வீடுகளில் எழும். மனுவில் அந்தக் கேள்வி இருக்கும்; பொய் சொன்னது பின்னால் தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகும். வேண்டாம்.

ஒரே ஒரு பாடம் நிற்கிறது. அதை யூனிசாவில் எழுதிக்கொண்டுவரலாமா?

பல மாணவர்கள் செய்வதுதான். யூனிசாவில் பட்டத்துக்கு அல்லாமல் தனிப் பாடமாகப் பதிவு செய்யும் வழி இருக்கிறது. ஆனால் பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகத்திடம் "இந்தக் குறியீடுள்ள பாடத்தை எங்கள் இந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்போம்" என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தேறிய பிறகு போய்க் கேட்டால் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. இறுதியாண்டு மேஜர் பாடத்துக்குப் பெரும்பாலும் அனுமதி தரமாட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பதிவு வைத்திருக்கவும் அனுமதி தேவை.

என்னென்ன ஆவணம் வேண்டும்?

அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட், நன்னடத்தைச் சான்று, மெட்ரிக் (12ஆம் வகுப்பு) சான்றிதழ், அடையாள அட்டை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. இணையதளத்தில் நீங்களே இறக்கும் மதிப்பெண் பட்டியலை மனுவோடு வைக்கலாம், இறுதி முடிவுக்கு அது போதாது.

தாமதத்துக்குக் காரணமாவது வேறொன்று: நீங்கள் தேறிய ஒவ்வொரு மாட்யூலின் பாடத்திட்டம். தலைப்புப் பட்டியல், பயன்படுத்திய பாடநூல், கிரெடிட், தகுதி நிலை, மதிப்பீட்டு முறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். நீங்கள் படித்த ஆண்டின் பிரதியாகவும் இருக்க வேண்டும். 2023இல் தேறியவர் 2025 பாடத்திட்டத்தைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். யூனிசா மாணவர்கள் ஒவ்வொரு மாட்யூலுக்கும் வரும் டுடோரியல் லெட்டர் 101ஐ எறியாமல் வையுங்கள். மற்றவர்கள் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் பாடக் கையேட்டை இறக்கிச் சேமித்துவிடுங்கள், மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும். இணையதளக் கணக்கு மூடியபின் துறைச் செயலாளரிடம் கேட்டு வாங்க வாரக்கணக்கில் ஆகும்.

எப்போது மனுப் போட வேண்டும்?

கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குவதால், முந்தைய ஆண்டின் நடுவிலேயே. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் சிஏஓ என்னும் மைய மனு அலுவலகம் வழியாகவே போட வேண்டும். வேறு இடத்தில் படித்துவிட்டு வருபவர்களுக்கும் அதே வழிதான். வழக்கமான கெடு செப்டம்பர் 30. புரட்டாசி விரதம் நடந்துகொண்டிருக்கும் நாட்கள் அவை. விரதம் முடியட்டும், அதற்கப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தால் போயிற்று. கேப் டவுனும் ஸ்டெல்லன்போஷும் வழக்கமாக ஜூலை இறுதியிலேயே மூடிவிடும். அந்தந்த ஆண்டுக் கெடுவைத் தளத்தில் சரிபாருங்கள்.

மனுப் போடும்போது ஜூன் தேர்வு முடிவுதான் கையில் இருக்கும். அதை வைத்து நிபந்தனையோடு இடம் தருவார்கள். நவம்பர் தேர்வு முடிவு டிசம்பரில் வந்ததும் புதிய டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டும். பல்கலைக்கழக அலுவலகங்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே மூடி ஜனவரியில்தான் திறக்கும். கிரெடிட் முடிவும் அதற்குப் பிறகே வரும். அவசரப்படுத்திப் பயனில்லை, ஆனால் திறந்த முதல் வாரமே கேட்டு நிற்பது பயன் தரும்.

மெட்ரிக் மதிப்பெண்ணை மறுபடியும் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். முக்கியமாகக் கணிதம். கணிதத்துக்குப் பதிலாகக் கணித எழுத்தறிவு (மேத்ஸ் லிட்டரசி) எடுத்தவர்களை மரபான பல்கலைக்கழகங்களின் பிகாம் பெரும்பாலும் ஏற்பதில்லை. கணக்கியல் பிகாமுக்குப் பொதுப் பிகாமைவிடக் கூடுதல் கணித மதிப்பெண் கேட்பார்கள். முதலாண்டில் கணிதமோ புள்ளியியலோ நன்றாகத் தேறியிருந்தால் சில புலங்கள் மெட்ரிக் குறையைப் பொருட்படுத்தாது.

வெஸ்ட்வில்லிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்துக்கு மட்டும் மாற வேண்டும். ஆயா வீட்டில் தங்கிப் படிக்கலாம்.

இரண்டும் ஒரே பல்கலைக்கழகம் என்பதால் கிரெடிட் தொல்லை இல்லை. வளாக மாற்ற மனு போதும். உங்கள் மேஜர் அந்த வளாகத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமா. பிகாமுக்கு மாறலாமா?

360 கிரெடிட் டிப்ளமா 6ஆம் நிலை, பிகாம் 7ஆம் நிலை. பாதியில் மாறினால் டிப்ளமாப் பாடங்களில் சிலவற்றுக்கே கிரெடிட் கிடைக்கும். கோட்பாட்டுப் பகுதி போதாது என்று துறைகள் சொல்லும். டிப்ளமா முடியும் தறுவாயில் இருப்பவர் பிகாமுக்குத் திரும்பிப்போக வேண்டிய தேவையே இல்லை. டிப்ளமாவுக்கு மேல் ஓராண்டு, 120 கிரெடிட் உள்ள அட்வான்ஸ்ட் டிப்ளமா படித்தால் அதுவும் 7ஆம் நிலை. அங்கிருந்து 8ஆம் நிலை முதுநிலை டிப்ளமாவுக்குப் போகலாம். பெயரில் "பட்டம்" என்ற சொல் இல்லாததால் வீட்டில் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். மூன்றாண்டு பிகாமை மறுபடி தொடங்குவதைவிட இது எவ்வளவோ குறுக்கு வழி.

சிஏ ஆக வேண்டும். மாறுவதில் தனிக் கவனம் எதாவது?

நிறைய உண்டு. பட்டயக் கணக்காளர் கழகமான சைக்கா அங்கீகரித்த பட்டமாக இருக்க வேண்டும். அதன் மேல் சிடிஏ (கணக்கியல் கோட்பாட்டுச் சான்றிதழ்) அளவிலான முதுநிலைப் படிப்பு, பிறகு சைக்காவின் முதல் தகுதித் தேர்வான ஐஏசி (முன்பு ஐடிசி), மூன்றாண்டுப் பயிற்சி ஒப்பந்தம், இறுதித் தொழில்தகுதித் தேர்வான ஏபிசி. இந்தச் சங்கிலியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் சைக்கா பட்டியலில் இருப்பது மட்டும் போதாது, நீங்கள் சேரும் குறிப்பிட்ட பட்டமும் அதில் இருக்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்தில் அங்கீகாரம் உள்ள கணக்கியல் பிகாமும் இல்லாத பொதுப் பிகாமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

பொதுப் பிகாமிலிருந்து சிஏ தடத்துக்கு வருபவருக்கு நிதிக் கணக்கியல், வரி, தணிக்கை, மேலாண்மைக் கணக்கியல் நான்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். ஒன்றில் கிரெடிட் கிடைக்காவிட்டால் அதை முன்தேவையாகக் கொண்ட அடுத்த ஆண்டுப் பாடமும் நிற்கும். ஒரு பாடம் போய் ஓராண்டு போகும் கதை இதனால்தான். பட்டம் முடித்தவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் இணைப்புப் படிப்பு நடத்துகின்றன, அதையும் விசாரியுங்கள்.

தனியார் கல்லூரியில் பிபிஏ. அரசுப் பல்கலைக்கழகம் ஏற்குமா?

மூன்றைப் பாருங்கள்: உயர்கல்வித் துறையில் கல்லூரிக்குப் பதிவு, உயர்கல்வி மன்றத்தில் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம், தகுதிகள் ஆணையமான சாக்காவின் பட்டியலில் அந்தப் பட்டத்துக்கு எண். மூன்றும் இருந்தால் கேட்கத் தகுதி உண்டு. ஏற்பது இப்போதும் துறையின் முடிவு. பிபிஏவில் கணக்கியலும் பொருளியலும் பெரும்பாலும் முதலாண்டோடு நின்றுவிடும் என்பதால், பிகாமில் அவற்றை மேஜராக எடுக்க நினைப்பவர் அங்கே இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டி எழுப்ப வேண்டிவரும்.

என்எஸ்எஃப்ஏஎஸ் என்னும் அரசு மாணவர் நிதி உதவி கூடவே வருமா?

அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வரும். தனியார் கல்லூரிக்கு வராது. குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள், மாற்றுத்திறனாளி மாணவருக்கு 6,00,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஆண்டுக் கணக்கு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு, 2018 முதல் சேர்ந்தவர்களுக்கு, கூடுதலாக ஓராண்டு: மொத்தம் நான்கு. பழைய இடத்தில் கழித்த ஆண்டும் இதில் சேரும். இரண்டாண்டு படித்துவிட்டு மாறி, புதிய இடத்தில் இன்னும் மூன்றாண்டு தேவை என்றால் மொத்தம் ஐந்து. கடைசி ஆண்டுக்குப் பணம் வராது. கிரெடிட் கடிதத்தை முதலில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுவனங்கள் தரும் பர்சரி பெரும்பாலும் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தோடும் பட்டத்தோடும் கட்டியிருக்கும். மாறுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்காவிட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் ஒப்பந்தத்தில் இடமிருக்கலாம்.

பழைய இடத்தில் கட்டணப் பாக்கி இருக்கிறது.

பாக்கி தீரும்வரை அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டைப் பிடித்துவைப்பது இங்கே வழக்கம். மாதத் தவணைக்கு எழுத்தில் உடன்பாடு செய்துகொண்டு, முடிவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு மட்டும் நேரடியாக அனுப்ப முடியுமா என்று நிதி அலுவலகத்தில் கேளுங்கள். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுவது ரத்து ஆகாது. முறைப்படி ரத்து செய்யாவிட்டால் முழு ஆண்டுக் கட்டணமும் ஏறும். அந்தப் பாடங்கள் எல்லாம் ஃபெயிலாகவும் பதிவாகும்.

இந்தியாவிலோ மொரிஷியஸிலோ தொடங்கிய படிப்பை இங்கே தொடரலாமா?

பள்ளித் தகுதிக்குத் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் மெட்ரிக்குலேஷன் குழுவிடம் விலக்குச் சான்று வாங்க வேண்டும். முடித்த வெளிநாட்டுப் பட்டத்தைச் சாக்கா மதிப்பிடும். பாதியில் நிற்கும் பட்டத்தின் பாடங்களை ஏற்பது பல்கலைக்கழகத்தின் கையில். இந்திய பிகாமின் வணிகச் சட்டமும் வருமான வரியும் இந்தியச் சட்டம் என்பதால் இங்கே செல்லாது. பொருளியலும் புள்ளியியலும் செல்ல வாய்ப்புண்டு.

ஸ்டடி விசாவில் ஏற்கெனவே இங்கே படிப்பவர்கள் கவனிக்க: விசா குறிப்பிட்ட கல்வி நிறுவனத்துக்குத்தான். பல்கலைக்கழகம் மாறினால் விசா நிபந்தனையை மாற்ற, விசா மனுக்களை வாங்கும் விஎஃப்எஸ் வழியாக மனுப் போட வேண்டும். புதிய சேர்க்கைக் கடிதமும் நடப்பிலுள்ள மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

அப்பா டர்பன்-வெஸ்ட்வில்லில் பாதியில் விட்ட பிகாமை இப்போது முடிக்கலாமா?

டர்பன்-வெஸ்ட்வில்லும் நட்டால் பல்கலைக்கழகமும் 2004இல் இணைந்துதான் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது. பழைய டிரான்ஸ்கிரிப்டை அங்கேயே கேட்கலாம். ஆனால் கணக்கியல் விதிகளும் வரியும் கம்பெனிச் சட்டமும் அடியோடு மாறிவிட்டன. அத்தனை பழைய பாடத்துக்கு கிரெடிட் கிடைப்பது அரிது. சேர்க்கைத் தகுதிக்கு அந்தக் காகிதம் உதவும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடமும் கிரெடிட்டும் கிடைத்துவிட்டன. இனி?

முதலில் பழைய பதிவை எழுத்தில் ரத்து செய்து, ரத்தானதற்கான கடிதம் வாங்குங்கள். விடுதி அறையைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். புதிய இடத்தில் விடுதிக்கு முதலாண்டு மாணவர்களுக்கே பல இடங்களில் முன்னுரிமை என்பதால், ஜோகன்னஸ்பர்க் போகிறவர் லெனேசியாவில் சொந்தக்காரர் வீடோ வாடகை அறையோ முன்பே பார்த்துவைப்பது நல்லது.

பதிவு நாளில் கிரெடிட் கணினியில் ஏறியிருக்காது. கடிதத்தின் பிரதியோடு புல ஆலோசகரைப் பார்த்தால்தான் இரண்டாம் ஆண்டுப் பாடத்தைக் கணினி எடுத்துக்கொள்ளும். அட்டவணையையும் அங்கேயே சரிபாருங்கள்: முதலாண்டிலிருந்து மீதமுள்ள ஒரு பாடமும் இரண்டாம் ஆண்டுப் பாடமும் ஒரே நேரத்தில் வருவது மாறி வருபவர்களுக்கு அடிக்கடி நடக்கும். தைப்பூசக் காவடி பெரும்பாலும் பதிவு நாட்களை ஒட்டியே வரும். காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர் இரண்டு தேதியையும் முன்பே பக்கத்துப் பக்கத்தில் குறித்துவைத்துக்கொள்ளட்டும். பதிவுக்கு இன்னொரு நாள் கேட்டால் தாமதக் கட்டணம் போடுவார்கள்.